உப்புத்தாள் மட்டையும் ஓர் உலகப் போட்டியும்



உங்கள் பள்ளியில் மேசைப்பந்து ஆடுவது உண்டா? அருப்புக்கோட்டைப் பக்கமோ திருச்சுழிப் பக்கமோ உள்ள ஒரு கிராமத்துப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேசைக்கு எங்கே போவது? இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் மேசை. நடுவில் இரண்டு செங்கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு குச்சியைக் கிடத்தினால் வலை. மட்டை? தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட பிளைவுட் துண்டை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் மட்டை. பந்து ஒன்றுதான் காசு கொடுத்து வாங்க வேண்டியது.

கரிசல் காட்டில் காற்று வீசாத நேரமாகப் பார்த்து ஆட வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேசைப்பந்தின் எடையோ வெறும் 2.7 கிராம்!

இப்படி ஆடிப் பழகிய ஒரு மாணவி வட்டாரப் போட்டிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எதிரே நிற்பவளின் மட்டையில் ஒரு பக்கம் சிவப்பு ரப்பர், மறுபக்கம் கறுப்பு ரப்பர். அவள் போடும் பந்து மேசையில் விழுந்ததும் பாம்பு போல் சீறி விலகுகிறது. நம் மாணவி தோற்றுப்போகிறாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே ஒரு கேள்வி அவளைக் குடைகிறது: "என்னை ஜெயித்தது அவள் கையா, அவள் மட்டையா?"

இது சின்னக் கேள்வி அல்ல. உலகச் சாம்பியன்களே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதுவும் நம் நாட்டில் நடந்த ஒரு போட்டிக்குப் பிறகுதான் அது பலமாக எழுந்தது. இதற்கு விஞ்ஞான முறைப்படி எப்படி விடை காண்பது? வாருங்கள், பார்ப்போம்.

லண்டனில் ஒரு விசித்திரப் போட்டி

லண்டன் நகரில் அலெக்ஸாண்ட்ரா அரண்மனை என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. 2013 முதல் 2020 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் அங்கே ஓர் உலகப் போட்டி நடந்தது. அதன் பெயர் 'உலக பிங் பாங் சாம்பியன்ஷிப்'. பிங் பாங் என்பது மேசைப்பந்தின் பழைய பெயர். பெயர் மட்டுமா பழையது? மட்டையும் பழையதுதான். மரப் பலகையின் இரு பக்கமும் உப்புத்தாள் ஒட்டிய மட்டை! நம் ஊர்த் தச்சர் கதவையும் நாற்காலியையும் தேய்க்கிறாரே, அதே இனத்தைச் சேர்ந்த தாள்தான்.

இந்தப் போட்டியின் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஆட்டக்காரர் தம் சொந்த மட்டையைக் கொண்டுவரக் கூடாது. எல்லோருக்கும் ஒரே வகை மட்டையைப் போட்டி நடத்துபவர்களே கொடுப்பார்கள். விலையுயர்ந்த ரப்பரில் வருடக்கணக்கில் பழகிய வீரரும், உப்புத்தாளிலேயே ஆடிப் பழகியவரும் ஒரே மாதிரி மட்டையுடன் எதிரெதிரே நிற்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் உப்புத்தாள் மட்டை ஆட்டம் மக்களிடையே பிரபலம். அங்கே அதற்கு 'லிஹா' என்று பெயர். உப்புத்தாள் என்றே அதற்குப் பொருள்.

முதல் இரண்டு ஆண்டுகளும் ரஷ்யாவின் மக்சிம் ஷ்மிரேவ் பட்டம் வென்றார். பிறகு இங்கிலாந்தின் ஆண்ட்ரூ பாகலே 2015, 2016, 2019, 2020 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றார். இடையில் 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் சீன வீரர்கள் பட்டத்தைக் கொண்டுபோனார்கள்.

நல்ல ரப்பர் மட்டைகள் கடைகளில் கிடைக்கும் காலத்தில், உப்புத்தாளுக்கு ஏன் திரும்பிப் போனார்கள்? இதைப் புரிந்துகொள்ள மட்டையின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டக்... டக்... டக்...

மேசைப்பந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து நாட்டு வீடுகளின் கூடங்களில் பிறந்த விளையாட்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதே மேசையில் ஆடுவார்கள். முதலில் வந்த மட்டைகளில் ஒரு வகை, நம் ஊர்த் தப்பு போல வளையத்தில் தோலை இழுத்துக் கட்டியது. பந்து பட்டதும் எழுந்த ஓசையைக் கேட்டுத்தான் 'பிங் பாங்' என்ற பெயர் வந்தது என்பார்கள். பிறகு மர மட்டை வந்தது. அதன் மேல் தக்கை, உப்புத்தாள் என்று பலவற்றையும் ஒட்டிப் பார்த்தார்கள். 1900ஆம் ஆண்டையொட்டி செல்லுலாய்டு பந்து வந்தது. அதன் பின் வந்ததுதான் சிறுசிறு முளைகள் கொண்ட ரப்பர். அடியில் நுரை எதுவும் இல்லாமல் மரத்தின் மேல் நேராக ஒட்டிய மெல்லிய ரப்பர் அது. இந்த வகைக்குக் 'கடின மட்டை' என்று பெயர்.

1926இல் முதல் உலகப் போட்டி லண்டனில் நடந்தபோது கடின மட்டைகள்தான் ஆண்டன. அந்த முதல் போட்டியிலேயே இந்திய அணியும் ஆடி, ஆண்கள் குழுப் போட்டியில் வெண்கலம் பெற்றது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த அணியில் எஸ். ஆர். ஜி. சுப்பையா என்று நமக்குப் பழக்கமான ஒரு பெயரும் இருக்கிறது.

கடின மட்டையில் பந்து அதிகம் சுழலாது. ஆகவே தடுத்து ஆடுவது சுலபம், அடித்து வெல்வது கடினம். நெசவாளர் தறியில் நாடா இப்படியும் அப்படியும் ஓடுவதுபோல் பந்து போய்ப் போய் வந்துகொண்டே இருக்கும். 1936இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் ஏர்லிக்கும் ருமேனியாவின் பனெத்தும் மோதினார்கள். ஒரே ஒரு புள்ளி முடிவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று! இப்படியே போனால் யார் பார்க்க வருவார்கள்? அடித்து ஆடுபவர்களுக்கு உதவியாக வலையின் உயரத்தைக் குறைத்தார்கள். இன்றைக்கும் அது 15.25 செ.மீ. தான்.

பம்பாயில் நடந்தது

1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். 19ஆவது உலகப் போட்டி பம்பாயில் நடந்தது. ஆசியக் கண்டத்தில் உலகப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. ஜப்பான் நாடு உலகப் போட்டியில் கலந்துகொண்டதும் அதுவே முதல் முறை. ஐரோப்பியர்கள்தான் அதுவரை ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்று வந்தார்கள்.

ஜப்பான் அணியில் கண்ணாடி போட்ட, மெலிந்த உடல்வாகு கொண்ட ஓர் ஆட்டக்காரர் இருந்தார். பெயர் ஹிரோஜி சாட்டோ. அவர் கையில் இருந்த மட்டையில் முளை ரப்பர் இல்லை. தடித்த நுரை ரப்பர் ஒட்டியிருந்தது. மெத்தை தைத்த மட்டை என்றே சொல்லலாம்.

ஆட்டம் தொடங்கியது. எதிரே நின்றவர்கள் திகைத்தார்கள். என்ன விஷயம் தெரியுமா? சத்தம் இல்லை! கடின மட்டையில் பந்து பட்டால் 'டக்' என்று ஒலிக்கும். எவ்வளவு பலமாக அடித்தார், உராய்த்து அடித்தாரா, தட்டி அடித்தாரா என்பதை அனுபவசாலியின் காது அந்த ஒலியிலிருந்தே கண்டுகொள்ளும். கண் பார்த்து முடிப்பதற்குள் காது சொல்லிவிடும். சாட்டோவின் மட்டையோ ஊமை மட்டை. பந்து நுரைக்குள் அமிழ்ந்து, எதிர்பாராத வேகத்தில், எதிர்பாராத சுழலுடன் வெளியே வந்தது.

அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் அந்நாளில் கடின மட்டையில் பேர்பெற்றவர். அவர் சாட்டோவிடம் தோற்றார். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோசியானும் தோற்றார். சாட்டோ உலகச் சாம்பியன் ஆனார்.

அன்று தோற்றவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அருப்புக்கோட்டை மாணவி கேட்ட அதே கேள்விதான்: ஜெயித்தது சாட்டோவின் கையா, மட்டையா?

அவசரப்பட்டு 'மட்டைதான்' என்று சொல்லிவிடாதீர்கள். அதே பம்பாயில் ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், பெண்கள் குழு ஆகிய பட்டங்களையும் ஜப்பானியர் வென்றார்கள். ஒரே ஒருவரின் மட்டை அத்தனை பட்டங்களையும் வென்று தந்திருக்க முடியாது. இன்னொன்று: சாட்டோ மறுபடி உலக ஒற்றையர் பட்டத்தை வெல்லவில்லை. அவருக்குப் பின் வந்த ஒகிமுராவும் தனாகாவும் 1954 முதல் 1957 வரை மாறிமாறி நான்கு முறை வென்றார்கள். கடும் பயிற்சியும் கால்களின் வேகமும் அவர்களின் பலம். ஆகவே மட்டைக்கும் பங்கு உண்டு, கைக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு என்பதுதான் சிக்கல்.

மட்டையும் பந்தும் சந்திக்கும் கணம்

பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் எவ்வளவு? நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் அது நூறு முறை நடந்து முடிந்துவிடும். அந்தச் சிறு கணத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, பந்து திரும்பித் துள்ளுவது. இதற்குக் காரணம் மீள்தன்மை. மரத்தில் பந்து பட்டால் மரம் அமுங்குவதில்லை; பந்துதான் நசுங்கி நிமிர்கிறது. நுரை ரப்பரில் பட்டால் ரப்பரும் சேர்ந்து அமுங்கி நிமிர்கிறது. தொட்டிருக்கும் நேரமும் சற்றுக் கூடுகிறது. மெதுவாக அமுங்குவதால் ஒலியும் அடங்கிவிடுகிறது. சாட்டோவின் மட்டை ஊமையானது இதனால்தான்.

இரண்டாவது வேலை, பந்தைச் சுழற்றுவது. இதற்குக் காரணம் உராய்வு. மட்டையைப் பந்தின் மேல் சாய்வாக இழுத்தால், உராய்வு விசை பந்தின் பரப்பைப் பற்றி இழுத்து, அதைச் சுழல வைக்கிறது.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். "உப்புத்தாள் சொரசொரப்பாகத்தானே இருக்கிறது! வழவழப்பான ரப்பரைவிட அதில்தானே உராய்வு கூடுதலாக இருக்க வேண்டும்? பிறகு ஏன் சுழல் குறைகிறது?"

நல்ல கேள்வி. உப்புத்தாளின் மணிகள் கடினமானவை. பந்தின் ஓடும் கடினமானது. கடினப் பொருள்கள் இரண்டும் ஒருசில முனைகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. ரப்பர் அப்படியல்ல. அது வளைந்து கொடுத்துப் பந்தின் பரப்போடு நெருங்கிப் படிகிறது. ஆகவே பிடிப்பு கூடுகிறது. அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் இருக்கிறது. ரப்பர் பக்கவாட்டிலும் நீளும். பந்து உராயும்போது மட்டையின் ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, வில்லைப்போல் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. பந்து விடுபடும் கணத்தில் அந்த வில் திரும்பி, பந்தை இன்னொரு முறை சுண்டிவிடுகிறது. உப்புத்தாள் பந்தைப் பிடிக்கலாம். ஆனால் சுண்டிவிட அதனிடம் வில் இல்லை. ரப்பரின் ரகசியம் இதுதான்.

இன்றைய சிறந்த ஆட்டக்காரர்கள் ரப்பர் மட்டையால் பந்தை நொடிக்கு 100 முறைக்கும் மேல் சுழல வைக்கிறார்கள். நம் வீட்டு மின்விசிறி ஒரு நிமிடத்தில் சுற்றுவது சுமார் 300 சுற்று. இந்தப் பந்து ஒரு நிமிடத்துக்கு 6000 சுற்று என்ற வேகத்தில் சுழல்கிறது!

சுழல் ஏன் வெற்றி தருகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மேசையின் நீளம் 2.74 மீட்டர். வலையிலிருந்து மறுமுனை வரை 1.37 மீட்டர். பந்து வலைக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில், கிடையாகப் பறந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலை ஏறத்தாழ 15 செ.மீ. ஆகவே பந்து மேசையைத் தொட 20 செ.மீ. இறங்க வேண்டும்.

தானே கீழே விழும் பொருளுக்கு 20 செ.மீ. இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? s = ½gt² என்று நீங்கள் படித்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 0.2 நொடி வரும். அந்த 0.2 நொடிக்குள் பந்து 1.37 மீட்டருக்கு மேல் போய்விட்டால் மேசையைத் தாண்டி வெளியே விழும், புள்ளி எதிராளிக்கு! ஆகவே இந்த உயரத்தில் பந்தை நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் வேகமாக அனுப்ப முடியாது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் முடியாது. (காற்றின் தடையை இந்தக் கணக்கில் விட்டுவிட்டோம்.)

இப்போது பந்துக்கு மேல்சுழல் கொடுப்போம். அதாவது, ஓடும் வண்டிச் சக்கரத்தைப்போல் பந்தின் மேல்பகுதி முன்னோக்கிச் சுழல வேண்டும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அதனால் பந்தைக் கடந்து போகும் காற்று மேல்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. பந்து காற்றை மேலே தள்ளினால், காற்று பந்தைக் கீழே தள்ள வேண்டும் அல்லவா? நியூட்டனின் மூன்றாம் விதி! சுழலும் பந்து வளைந்து செல்வதை நியூட்டனே 1672இல் டென்னிஸ் பந்தில் கவனித்து எழுதியிருக்கிறார். 1852இல் ஜெர்மானிய விஞ்ஞானி மேக்னஸ் இதைச் சோதனை செய்து காட்டினார். அதனால் இதற்கு 'மேக்னஸ் விளைவு' என்று பெயர்.

கீழ்நோக்கிய இந்த விசை பந்தின் எடைக்குச் சமமாக இருப்பதாகக் கொள்வோம். இறங்கும் முடுக்கம் இரு மடங்காகிறது. 20 செ.மீ. இறங்க 0.14 நொடி போதும். இப்போது பந்தை நொடிக்கு சுமார் 9½ மீட்டர் வேகத்தில் அனுப்பினாலும் அது மேசைக்குள் விழும். பார்த்தீர்களா? சுழல் இருந்தால்தான் வேகத்துக்கு அனுமதி கிடைக்கிறது.

பந்து இவ்வளவு லேசாக இருப்பதால்தான் காற்று அதனிடம் இத்தனை விளையாட்டுக் காட்டுகிறது. நொடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 32 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அது பந்தைத் தள்ளும் விசை பந்தின் எடைக்கே சமமாகிவிடும். ஆடிக் காற்றில் வெட்டவெளியில் ஏன் ஆட முடியவில்லை என்பது இப்போது விளங்குகிறதா?

விதி வந்தது

பம்பாய்க்குப் பிறகு நுரை ரப்பர் உலகெங்கும் பரவியது. இனிமேல் இது விளையாட்டா, மட்டை தயாரிக்கும் பந்தயமா என்று வாதம் எழுந்தது. 1959இல் சர்வதேசக் கூட்டமைப்பு ஒரு நடுவழியைக் கண்டது. தனி நுரை ரப்பர் கூடாது. முளை ரப்பர் மட்டும் என்றால் 2 மி.மீ. தடிமன் வரை, ரப்பரும் நுரையும் சேர்ந்த அடுக்கு என்றால் 4 மி.மீ. வரை. பலகையின் தடிமனில் குறைந்தது 85 சதவிகிதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பதும் இன்றுள்ள விதி. உப்புத்தாளுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. வட்டாரப் போட்டி முதல் ஒலிம்பிக் வரை விதிப்படி நடக்கும் எந்தப் போட்டியிலும் அதைக் கொண்டு ஆட முடியாது.

விதி வந்தும் போட்டி ஓயவில்லை. சிலர் மட்டையின் இரு பக்கமும் ஒரே நிறத்தில், ஆனால் வேறு வேறு குணமுள்ள ரப்பர்களை ஒட்டி, ஆட்டத்தின் நடுவே மட்டையைத் திருப்பித் திருப்பி எதிராளியை ஏமாற்றினார்கள். 1980களில் இரு பக்கமும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மட்டையில் நீங்கள் பார்க்கும் சிவப்பும் கறுப்பும் அழகுக்காக வந்தவை அல்ல. எதிரே நிற்பவருக்கு உண்மையைச் சொல்வதற்காக வந்தவை!

ஆனால் ஒரு குறை மட்டும் நீங்கவில்லை. போட்டிக்கான நல்ல ரப்பரின் விலை, ஒரு பக்கத்துக்கு மட்டுமே சில ஆயிரம் ரூபாய். அது தேய்ந்தால் மாற்ற வேண்டும். விதியின் முன் எல்லா மட்டையும் சமம். கடையின் முன் அப்படி இல்லை.

பழைய மட்டை தந்த பதில்

இப்போது உப்புத்தாள் போட்டிக்குத் திரும்புவோம். பரிசோதனைக் கூடத்தில் உங்கள் ஆசிரியர் ஒன்றை அடிக்கடி சொல்வார். "ஒரு காரணியின் விளைவை அறிய வேண்டுமானால், மற்ற காரணிகளை மாறாமல் வைத்துக்கொள்." தனி ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றுவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

பம்பாயில் கையும் வேறு, மட்டையும் வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் மாறியதால் எது ஜெயித்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லண்டனில் மட்டையை மாறிலியாக வைத்துவிட்டார்கள். மிஞ்சியது கை மட்டுமே. உப்புத்தாள் போட்டி வேடிக்கைப் போட்டிபோலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒழுங்காக அமைந்த ஒரு விஞ்ஞானச் சோதனையும்கூட.

அந்தச் சோதனையின் முடிவு என்ன? நான்கு முறை வென்ற பாகலே யார் தெரியுமா? 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் ரப்பர் மட்டையுடன் இங்கிலாந்துக்குத் தங்கம் வென்று தந்தவர். ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு உப்புத்தாளைக் கொடுத்தாலும் அவர் வென்றார். பந்து எங்கே வரும் என்று கணிக்கும் கண், அங்கே போய் நிற்கும் கால், பொறுமை ஆகியவற்றை எந்த மட்டையிலும் ஒட்டி விற்க முடியாது.

பம்பாயில் தோற்ற ரைஸ்மன் என்ன ஆனார்? அவர் கடின மட்டையைக் கைவிடவில்லை. 1997இல் அமெரிக்காவில் கடின மட்டைக்காகத் தனியே நடந்த தேசியப் போட்டியில் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 67! தாம் நம்பிய ஆட்டத்தை 45 ஆண்டுகள் காத்து வந்த மனிதர் அவர்.

பழைய முளை ரப்பரும் செத்துவிடவில்லை. நம் நாட்டின் மணிகா பத்ரா தம் மட்டையின் ஒரு பக்கத்தில் நீண்ட முளைகள் கொண்ட ரப்பரை வைத்து ஆடுபவர். எதிராளி கொடுத்த சுழலை அது வேறு விதமாகத் திருப்பி அனுப்பி அவர்களைக் குழப்பும். 2018இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தை அவர் வென்றார். அந்தத் தங்கத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவரே.

செய்து பாருங்கள்

தச்சுப் பட்டறையில் மூன்று பிளைவுட் துண்டுகள் கேளுங்கள். பெரியவர் ஒருவரின் உதவியுடன் மூன்றையும் ஒரே அளவு மட்டையாக அறுத்துக்கொள்ளுங்கள். முதல் மட்டையை வெறும் மரமாகவே விடுங்கள். இரண்டாவதில் உப்புத்தாளை ஒட்டுங்கள். மூன்றாவதில், பழைய சைக்கிள் டியூபைக் கழுவிக் காயவைத்து, வெட்டி விரித்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டுங்கள்.

சோதனை 1: உங்கள் பெஞ்சின் மேல் 30 செ.மீ. உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். எவ்வளவு உயரம் துள்ளுகிறது? போட்டிக்கான மேசையில் சுமார் 23 செ.மீ. துள்ள வேண்டும். உங்கள் பெஞ்ச், சிமெண்டுத் தரை, வகுப்பின் கரும்பலகை ஆகிய மூன்றில் எது உலக மேசைக்கு அருகில் வருகிறது?

சோதனை 2: மூன்று மட்டைகளையும் தரையில் படுக்க வையுங்கள். பந்தை விரல்களால் முறுக்கி, சுழலவிட்டபடியே ஒரே உயரத்திலிருந்து ஒவ்வொன்றின் மேலும் போடுங்கள். பந்து நேரே மேலே எழாமல் ஒரு பக்கமாகத் தாவும். எந்த மட்டையில் அதிக தூரம் தாவுகிறது? பத்துப் பத்து முறை செய்து சராசரி எடுங்கள். உப்புத்தாள் மரத்துக்கு அருகில் வருகிறதா, ரப்பருக்கு அருகில் வருகிறதா? முன்கூட்டியே ஓர் ஊகத்தை எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சோதனை 3: நண்பரைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். பந்தை ஒரு மட்டையால் தட்டுங்கள். எந்த மட்டை என்று ஒலியை மட்டும் கேட்டு அவர் சொல்ல வேண்டும். இருபது முறையில் எத்தனை முறை சரி? பம்பாயில் ரைஸ்மனின் காது எதை இழந்தது என்பது உங்களுக்கே புரியும்.

கடைசியாக, வட்டாரப் போட்டியில் தோற்று வந்த அந்த மாணவிக்கு ஒரு யோசனை. எதிராளியை ஒரு நாள் நட்பு ஆட்டத்துக்கு அழைக்க வேண்டும். முதல் ஆட்டம் அவரவர் மட்டையில். இரண்டாவது ஆட்டத்தில் மட்டைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் இருவர் கையிலும் உப்புத்தாள் மட்டை. மூன்று ஆட்டங்களின் புள்ளிகளையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாள் ஆட்டம் போதாது. பல நாள் ஆடிப் பார்க்க வேண்டும். அந்த நோட்டு அவள் கேள்விக்கு விடை சொல்லும்.

மட்டைதான் காரணம் என்று தெரிந்தால், அவள் வருந்த வேண்டியதில்லை. பள்ளிக்கு ஒரு நல்ல மட்டை வேண்டும் என்று அந்தக் கணக்கைக் காட்டியே கேட்கலாம். கைதான் காரணம் என்று தெரிந்தால், அதுவும் நல்ல செய்திதான். கையைத் தேற்றிக்கொள்ளக் காசு வேண்டாம். இரண்டு பெஞ்சும், ஒரு பந்தும், காற்று ஓய்ந்த ஒரு மாலை வேளையும் போதும்.